அண்ணன் அளவில் ஒரு பெட்டி

எங்கள் அப்பா யாரையாவது கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். நின்றுகொண்டிருந்தால் அளவெடுத்துவிடுவார் என்று பயம். அப்பா சவப்பெட்டி செய்கிறவர். கழுத்தில் ஒரு டேப் தொங்கும், ஆனால் அது அலங்காரத்துக்கு. ஆளின் நீளம், தோள் அகலம் எல்லாவற்றையும் கண்ணாலேயே அங்குலக் கணக்கில் சொல்லிவிடுவார். பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரர் மட்டும்தான் உட்காராத ஆள். போன வருடத்தைவிட ரெண்டு அங்குலம் பெருத்திருக்கிறேன், பலகையைச் சேர்த்தே வாங்கிப் போடு என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. "நான் ஒரு ஆளைப் போகவிடாம காலைப் பிடிச்சு இழுக்கிறேன், இந்த மனுஷன் அந்தப் பக்கம் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறார்" என்பாள். இதை இருபது வருடமாகச் சொல்கிறாள். அப்பாவும் இருபது வருடமாக முதல்முறை கேட்பதுபோலச் சிரிக்கிறார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

அப்பாவுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். அவர் காதில் செருகும் பென்சிலைப் பசை போட்டு மேசையில் ஒட்டினேன். அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை, பென்சிலை விட்டுவிட்டு அதன் முனைக்குப் பலகையை நகர்த்திக்கொண்டு வந்து கோடு போடப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மரத்தூளை நிரப்பி வைத்தேன். "நல்ல மரம்" என்று முகர்ந்து பார்த்தார். ஒருமுறை ஒரு சாவு வீட்டு மாப்பிள்ளை வந்து, மூடியின் நிறமும் பெட்டியின் நிறமும் ஒன்றாக இல்லை என்று தெருவே கேட்கக் கத்தினார். அப்பா சரிங்க என்று சொல்லிவிட்டு மறுபடி வார்னிஷ் அடிக்க உட்கார்ந்தார். அவருக்கும் சேர்த்து அம்மாவும் நானும்தான் வீட்டில் கோபப்பட்டுக்கொண்டோம்.

கடை இரண்டு அறை. முன்னறையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் பெட்டிகள் சுவரில் சாய்ந்து நிற்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்களைப்போல. பின்னறையில் பலகைகளும் பசை அடுப்பும். அங்கே மூலையில், தார்ப்பாய்க்குக் கீழே, தரையோடு தரையாக இன்னொரு பெட்டி மூன்று வருடமாகக் கிடந்தது. நீளமானது. யாராவது கேட்டால் "அது பழுது, பலகை வெடிச்சிருச்சு" என்பார். பழுதான பலகையை மறுநாளே அடுப்புக்கு உடைக்கிற ஆள் இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் அவருக்கு ஏணி என்று பேர். தெருவிளக்குப் பழுது பார்க்கும் வேலை. அவருக்கு எதற்கு ஏணி, கையைத் தூக்கினாலே பல்பு கையில் வருமே என்று கிண்டல் செய்வார்கள். எல்லாச் சட்டையும் அவருக்கு மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை முன்பே முடிந்துவிடும். எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது முதலில் நிலைப்படிக்கு ஒரு கும்பிடு, பிறகுதான் மனிதர்களுக்கு. பேச்சு குறைவு.

பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள் அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெரியப்பா வீட்டில் இருந்தாள். இடுப்பில் ஏதோ கோளாறு, ஒருபக்கம் சாய்ந்துதான் நடப்பாள். அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்ததால் வந்த சாய்வு என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லியே அவரிடம் எல்லாக் காரியத்தையும் சாதித்துக்கொள்வாள். தினமும் கடைக்கு வந்து பெட்டிகளுக்கு உள்துணி தைத்தது அவள்தான். வெள்ளைத் துணியைச் சுருக்கம் வைத்து, தலைப் பக்கம் மட்டும் பஞ்சு கொஞ்சம் கூடுதலாக வைத்து. செத்தவருக்குத் தலை வலிக்குமா அத்தை என்று கேட்டால், படுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுடி என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா மரம் வாங்க மலைப் பக்கத்து அறுவை ஆலைக்குப் போனார். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதை அடைத்து, போனும் செத்துப்போனது. அந்த இரண்டு நாளில் அத்தைக்குக் காய்ச்சல் வந்து, இரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள். பாதை திறந்ததும் அப்பா மரலாரியிலேயே ஏறி, வழியில் சேதி கேட்டு, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பாதி மண் போட்டாயிற்று. மீதிப் பாதிக்குள் பெட்டியின் மூலை தெரிந்தது. எங்கள் கடை பூட்டிக் கிடந்தது, சாவி அப்பாவிடம்; இது வேறு கடையில் ரெடிமேடாக வாங்கின பெட்டி. அட்டைப் பலகை, தங்க நிறத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி. தூக்கும்போதே ஒரு கைப்பிடி கழன்று வந்து, அதைப் பெரியப்பா சட்டைப் பையில் போட்டிருந்தார். உள்ளே துணிகூட இல்லை, வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

பெரியப்பா "வந்துட்டியாடா" என்றார். அப்பா "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அப்பா நாலு நாள் கடைக் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார். அழட்டும் என்று விட்டுவிட்டோம். அம்மா சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு வருவாள். உள்ளே இழைப்புளிச் சத்தம் மட்டும் கேட்கும், சர்ர், சர்ர் என்று, ஒரே சீராக. ஐந்தாம் நாள் முகம் கழுவி, தலை சீவி, ரொம்ப அமைதியாக வெளியே வந்தார். தார்ப்பாய் மூடின பெட்டி அந்த வாரத்துச் சரக்கு.

அதற்கு முன்னால் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த பெரியப்பா, அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தார். கோயிலில் ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட. அப்பா அவருக்குத்தான் பெரிய மீன் துண்டை வைப்பார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கண்ணே" என்பார். சிரிப்பார். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லோரையும் தலை முதல் கால் வரை அளக்கிற அப்பாவின் கண், பெரியப்பாமேல் மட்டும் படாமல் அவர் தட்டின்மேலேயே இருக்கும்.

இந்த வருடம் கோயில் பலிபீட மேசையின் காலைப் பூச்சி அரித்துவிட்டது. புதிது நான் செய்து தருகிறேன், என் காணிக்கையாக இருக்கட்டும் என்று அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம். கடையில் இருந்ததிலேயே நல்ல மரம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை போதகர் மேசையைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் எங்கள் கடைக்குள் வந்தால் நிற்கிற பெட்டிகளுக்கு முதுகைக் காட்டவே மாட்டார். பேசிக்கொண்டே மெல்லத் திரும்பித் திரும்பி நிற்பார். இப்படி ஒரு ஆள் வருகிறார் என்று தெரிந்தும் சும்மா இருப்பதற்கு நான் என்ன மேசைக் காலா. பின்னறைக்குப் போய், தார்ப்பாய்க்குக் கீழே நுழைந்து, நீளப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்ததும் ஒரே ஒரு கையை மட்டும் மெதுவாக வெளியே நீட்டுவது என்று திட்டம்.

கடையில் உள்ள மற்ற எல்லாப் பெட்டியிலும் நான் படுத்திருக்கிறேன். அப்பா அதற்கெல்லாம் சிரிப்பார். இதில் அதுதான் முதல்முறை. கையை ஓட்டிப் பார்த்தேன். வெடிப்பு எங்கேயும் இல்லை. ஒரு சிலும்புகூடக் கையில் ஏறவில்லை. மூலைகளில் ஆணியே இல்லாமல், பல்லுக்குப் பல் கோத்து, நடுவில் நகம்கூட நுழையாதபடி இறுக்கியிருந்தார். அப்பா கையால் இவ்வளவு நல்ல வேலையை நான் பார்த்ததே இல்லை, அந்த மேசையைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் உள்துணி இல்லை. என் காலுக்குக் கீழே இன்னொரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. இவ்வளவு உயரத்துக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்போதே என் கை வெளியே வர மறுத்துவிட்டது.

அதற்குள் போதகரும் அப்பாவும் பின்னறைக்கு வந்துவிட்டார்கள். போதகர் மேசையை வாயாரப் புகழ்ந்தார். பொருத்தமாகத்தான் இருக்கிறது, இந்த ஞாயிறு வாசிப்பே காணிக்கையைப் பற்றித்தான் வருகிறது என்றார். அப்பா என்ன வாசிப்பு என்று கேட்டார்.

கொலை செய்யக் கூடாது என்று பழைய கட்டளை இருக்கிறதல்லவா, அதை இயேசு அப்படியே விடவில்லை, கத்தியைத் தேடாமல் நெஞ்சைத் தேடிப் பார்த்தார் என்று போதகர் சொன்னார். அண்ணன் தம்பிமேல் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பவனும் அதே நீதிபதிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அதனால் காணிக்கையோடு வந்தவனுக்கு நடுவில், தன்மேல் குறை உள்ள அண்ணன் தம்பி ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வரட்டும் என்கிறார்.

கொஞ்ச நேரம் அப்பா சுத்தியலையோ எதையோ எடுத்து வைக்கிற சத்தம்.

"ஐயா, ஒரு ஆள் கோபத்தை வெளியவே விடலன்னா? ஒரு வார்த்தை பேசல, கை ஓங்கல. வந்தா சோறு போடுறான்."

"வெளிய வராத கோபத்தைப் பத்தித்தான் அவர் பேசுறதே. வெளிய வந்தது எல்லாருக்கும் தெரியுமே, அதுக்கு அவர் வேணுமா?"

"யாரோ ஒருத்தருக்காகக் கேட்டேன்" என்றார் அப்பா.

"அந்த ஒருத்தர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் போதகர். விடைபெற்றுக்கொண்டு, வழக்கம்போல முகத்தைப் பெட்டிகள் பக்கம் வைத்தபடியே அவர் பின்னால் நடந்து வெளியேறுவது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது.

நான் எழுந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் அப்பாவின் காலடிச் சத்தம் மூலைக்கு வந்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கினார். நான் போதகருக்கென்று தயாரித்து வைத்திருந்த முகத்தோடு, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார், பலகையைப் போடுவதுபோல. "இதுல படுக்காத. இது உனக்குச் செஞ்சது இல்ல, இதுல படுக்காத" என்று கத்தினார். பதினாறு வருடத்தில் அப்பா என்னிடம் கத்தினது அதுதான் முதல்முறை. கத்தி முடித்ததும் பலகைக் குவியல்மேல் உட்கார்ந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"பெரியப்பாவுக்காப்பா?" என்றேன்.

ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"அவர் கேட்டாரா?"

"இல்ல" என்றார். அப்புறம், அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

ஒரு மணி நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அசரவே இல்லை. நாலு நாள் இழைப்புளிச் சத்தம் கேட்டவளுக்கு யார் அளவில் பலகை போகிறது என்று தெரியாதா என்றாள். மூன்று வருடமாக இவர் தானாகப் பேசுவார் என்று காத்திருந்தாளாம். இனிக் காத்திருக்க முடியாது என்று அன்று சாயங்காலமே, உங்கள் அண்ணனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டாள்.

அப்பா இரண்டு நாளாக யோசித்து ஒரு சந்து கண்டுபிடித்து வைத்தார். போதகர் எடுத்துக் கொடுத்த பகுதியில், காணிக்கை கொண்டுவந்தவன்மேல் அவன் சகோதரனுக்குத்தான் குறை இருக்கிறது. இங்கே அண்ணனுக்குத் தன்மேல் ஒரு குறையும் இல்லை, குறை தனக்குத்தான். ஆகவே அது தனக்குச் சொன்னது இல்லை. சனிக்கிழமை மேசைக்கு மெருகு போட்டுக்கொண்டே இதை அம்மாவிடம் விளக்கினார்.

"நீங்க வக்கீலுக்குப் போயிருக்கணும், மரவேலைக்கு வந்துட்டீங்க" என்றாள் அம்மா. "அந்தப் பெட்டிய ஒரு தடவை அவர் கண்ணுல காட்டுங்க. குறை வருதா இல்லையான்னு பாப்போம்."

அப்பா மெருகுத் துணியைக் கீழே வைத்தார். "அதாம்மா பயம். சொன்னா அவன் எந்திரிச்சுப் போயிடுவான். அக்காவும் இல்ல. அவன் ஒருத்தன்தான் மிச்சம்."

அம்மா துணியை எடுத்து அவளே மிச்சக் காலுக்கு மெருகு போட ஆரம்பித்தாள்.

ஞாயிறு காலை மேசையைத் தூக்க நாலு பேர். முன்னால் கண்ணாடிக்காரரும் அவர் மச்சானும், பின்னால் அப்பாவும் பெரியப்பாவும். பெரியப்பா இருக்கிற பக்கம் மேசை வானத்தைப் பார்த்து ஏறும், எடை முழுக்க அப்பா பக்கம் சரியும். கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போனோம். வாசிப்பு வந்தது. போதகர் பேசினார். கடையில் பேசினதைவிட மெதுவாகத்தான் பேசினார், அப்பா பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பக்கத்தில், முன்பெஞ்சில் முட்டி இடித்து, பாதி சாய்வாக உட்கார்ந்திருந்தார்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. நாலு பேரும் போய் மேசையைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் வந்தார்கள். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தது. எங்கள் பெஞ்சுக்கு நேராக வந்ததும் அப்பா, "இறக்குங்க" என்றார்.

கண்ணாடிக்காரர் கை வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் நாலு எட்டுதான் என்றார். அப்பா மறுபடி "இறக்குங்க" என்றார். இறக்கினார்கள். அப்பா அப்படியே நிமிர்ந்து, "அண்ணே, என்கூட கடை வரைக்கும் வா" என்றார். நடுக்கோயிலில், பாட்டுக்கு நடுவில். பெரியப்பா ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றுகொண்டே வந்தது. போதகர் மட்டும் தலையை லேசாக அசைத்து, பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பாதையை அடைத்துக்கொண்டு மேசை நின்றது. அம்மா என் விலாவில் ஒரு குத்து விட்டு, "பின்னாலயே போடி" என்றாள்.

கடைக்கு ஏழு தெரு. ஒரு முனையில் பட்டப்பகலில் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா நின்று அண்ணாந்து பார்த்து, "நாளைக்கு வந்து பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்பா அதுவரை நின்று காத்திருந்தார். பிறகு மறுபடி நடை.

கடையைத் திறந்து, பின்னறைக்குப் போய், அப்பா தார்ப்பாயை இழுத்துத் தூரப் போட்டார். நான் கதவோரத்தில் நின்றேன். பெரியப்பா குனிந்து பார்த்தார். அவருக்கும் புரிய நேரம் ஆகவில்லை, தன் நீளம் தனக்குத் தெரியும் அல்லவா.

"எனக்கா" என்றார்.

"உனக்குத்தான்ணே. அக்காவை அடக்கம் பண்ணின அடுத்த வாரம் செஞ்சேன். நாலு நாள். ஒவ்வொரு தடவை இழைக்கும்போதும் நீ இதுக்குள்ள கிடக்கிறதை நினைச்சுக்கிட்டேன்." அப்பாவின் குரல் ஒரு சாமானின் அளவைச் சொல்வதுபோலத் தட்டையாக இருந்தது. "நினைக்க நினைக்க வேலை நல்லா வந்துச்சு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுண்ணே. அதைத்தான் சொல்லணும்னு கூட்டிட்டு வந்தேன்."

பெரியப்பா பெட்டியைச் சுற்றி வந்தார். மூலைப் பொருத்தைத் தடவினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "துணி இல்ல" என்றார்.

"வேணும்னுதான் வைக்கல."

நான் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா இப்போது திரும்பி நடந்தால் நிலைப்படிக்குக் குனிவார், நான் வழியை மறித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அவர் நடக்கவில்லை. பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தார். அவர் எடையைத் தாங்கியும் அது ஒரு சத்தம் போடவில்லை.

"மூணு வருஷமா என்னைப் பாத்துச் சிரிச்சியேடா" என்றார். "இதுகூடப் பரவாயில்ல. அந்தச் சிரிப்புதான்டா தாங்கல."

அப்பா ஒரு உளியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா. "அன்னைக்கு நீ சரிண்ணேன்னு சொன்னப்பவே தெரியும். அந்தக் கைப்பிடி என் சட்டைப் பையில இருந்துச்சு. உன் முகத்தைப் பாத்தேன், நான் என்ன பண்ணிட்டேன்னு அப்பத்தான் உறைச்சுது. இன்னைக்குக் கேப்பான், அடுத்த வாரம் கேப்பான்னு ஒவ்வொரு ஞாயிறும் வந்து உக்காந்தேன். நீ மீனை வெச்சே. கேக்கவே இல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாதம் ஒருமுறை வந்தவர் வாராவாரம் வந்தது சாப்பாட்டுக்கு இல்லை. திட்டு வாங்க வந்திருக்கிறார் மனிதர். மூன்று வருடமாக வெறும் வயிற்றோடு வந்து, கேட்டது கிடைக்காமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"இப்ப கேளு" என்றார்.

அப்பா கேட்டார். கேட்கும்போது வாய் கோணிக்கொண்டது, சின்னப் பையன் மாதிரி. "ஏண்ணே எனக்காகக் காத்திருக்கல? அவளுக்கு நான் செய்யணும்ல. ஊருக்கெல்லாம் செஞ்சேன். அவ ஊருக்கெல்லாம் துணி தைச்சா. அவளுக்குத் தாளை ஒட்டி அனுப்பிட்டியேண்ணே." அதற்குப் பிறகு கத்தினார். வியாழக்கிழமை என்னிடம் கத்தினது ஒன்றுமே இல்லை. நான் இதுவரை அவர் வாயில் கேட்காத வார்த்தை எல்லாம் வந்தது. கண்ணாடிக்காரர் கடை பூட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்பா ஓய்ந்ததும், தன் பக்க நியாயம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரவெல்லாம் மழை, நீ எப்போது வருவாய் என்று தெரியவில்லை, அத்தை இப்படிக் கேட்டாள், அப்படிச் சொன்னாள் என்று ஏதாவது ஒன்று. அவர் சொன்னது இதுதான்:

"யோசிக்கலடா. யாரோ ரெடியா ஒண்ணு இருக்குன்னாங்க. சரின்னுட்டேன். உன்னை யோசிக்கவே இல்ல."

அவ்வளவுதான். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஆனால் அப்பாவின் தோள் இறங்கினது எனக்குத் தெரிந்தது. போய்ப் பெட்டியின் விளிம்பில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியப்பா அவர் பிடரியில் கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது. இரண்டு பேரும் சவப்பெட்டி விளிம்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வர வேண்டும். கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது.

"இது எனக்கு வேண்டாம்" என்றார் பெரியப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு நீதான் செய்யணும். வேற கடைக்குப் போனா நான் எந்திரிச்சு வந்துருவேன். ஆனா இது வேண்டாம். நான் செத்ததுக்கப்புறம் செய். அழுதுகிட்டே செய். கோணலா வந்தாலும் பரவாயில்ல."

"உன் நீளத்துக்குக் கோணலாச் செஞ்சா தெருமுனை திரும்பாதுண்ணே" என்றார் அப்பா. மூன்று வருடத்தில் அவர் அண்ணனிடம் செய்த முதல் கிண்டல் அது.

அப்புறம் அதைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். விறகாகப் பிளப்பதற்கு அப்பாவுக்கு மனம் வரவில்லை, மரம் என்ன பாவம் செய்தது என்றார். ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, வெறும் பலகையாக ஆக்கிவிடுவது என்று முடிவு. கழன்றால்தானே. பல் ஒன்றை ஒன்று விடவே இல்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பசைமேல் போட்டு, உளியை வைத்துத் தட்டி, கடப்பாரையை ஓரத்தில் கொடுத்து நெம்பி, பெரியப்பா தன் முழு நீளத்தையும் அதன்மேல் சாய்த்துப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதல் மூலை விடுவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

"எதுக்குடா இவ்வளவு நல்லா செஞ்சே?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"அவ்வளவு கோபம்ணே" என்றார் அப்பா.

மத்தியானம் தாண்டி வாசலில் நிழல் தெரிந்தது. போதகர். கோயில் எப்போதோ முடிந்துவிட்டதாம், மேசை நடுப்பாதையில் அப்படியே நிற்கிறதாம், மாலை ஆராதனைக்கு முன்னால் வந்து எடுத்து வைக்க முடியுமா என்று கேட்க வந்திருந்தார். முன்னறைப் பெட்டிகளைக் கடந்து நேராகப் பின்னறைக்கு வந்தார், ஒருமுறைகூடத் திரும்பாமல். தரையில் கிடந்த பலகையையும், கடப்பாரையையும், வீங்கின கண்களோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

பெரியப்பா நெற்றியைத் துடைத்தார். "இன்னும் ரெண்டு மூலை இருக்குய்யா."

போதகர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.